முதல் நாள் கேம்களில் எதை நம்பி கன்சோல் வாங்குவது?

கேள்வி: புது கேம் கன்சோல் வெளிவந்த கையோடு வாங்கித் தரச் சொல்லி, பத்தாவது படிக்கும் மகன் நச்சரிக்கிறான். நேரு வீதியில் விசாரித்தால், "முதல் நாளே இருபது கேமுக்கு மேல வருது சார், யோசிக்காதீங்க" என்கிறார் கடைக்காரர். சின்னவளுக்கு எட்டு வயது. இருபது கேம் என்பது பெரிய விஷயம்தானா? எவற்றை வாங்குவது?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். 1996-ல் நின்டெண்டோ 64 அமெரிக்காவில் இரண்டே இரண்டு கேம்களோடு வெளிவந்தது. அதில் ஒன்று சூப்பர் மாரியோ 64. அந்த ஒன்றுக்காகவே ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதே நிறுவனம் 2011-ல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலைக் கொண்டுவந்தபோது முதல் நாளே ஒரு டஜனுக்கு மேல் கேம்கள் இருந்தன. ஆனால் மாரியோ இல்லை, விற்பனையும் சூடு பிடிக்கவில்லை. ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில் 249.99 டாலர் விலையை 169.99 டாலருக்கு இறக்கினார்கள். முந்திக்கொண்டு வாங்கியவர்களுக்கு ஆறுதலாக 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். 80 டாலர் போனது போனதுதான்.

அதனால் கடைக்காரரிடம் அந்தப் பட்டியலை வாங்கி, பையனையும் பக்கத்தில் உட்கார வைத்து, பேனாவை எடுங்கள். பழைய கன்சோலிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்கெனவே வந்துவிட்ட கேம்களை முதலில் அடியுங்கள். பாதிக்கு மேல் போய்விடும். 2025 ஜூன் 5 அன்று வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-ஐயே பாருங்கள். சைபர்பங்க் 2077 வெளியானது 2020-ல். ஹாக்வர்ட்ஸ் லெகசி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இரண்டும் 2023 சரக்கு. நல்ல கேம்கள்தான், ஆனால் அவற்றுக்காகப் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. கடைசியில் மிஞ்சுவது மாரியோ கார்ட் வேர்ல்டும் இன்னும் சிலதும்தான். கன்சோலை எப்படிப் பயன்படுத்துவது என்று சுற்றிக்காட்டும் ஒரு கேமைக்கூட அப்போது தனியாகக் காசுக்குத்தான் விற்றார்கள். அதைப் பெட்டியோடு சும்மா கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சோனி அந்த விஷயத்தில் தாராளம். பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) நம் நாட்டுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு வந்தபோது, ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் உள்ளேயே இலவசமாக இருந்தது. கன்ட்ரோலர் கையில் அதிர்வதையும் பட்டன் விரலை எதிர்த்து இறுகுவதையும் அதில் விளையாடிப் பார்த்தால்தான் புரியும். கூடவே வந்த ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலிஸ் பழைய பிஎஸ்4-லும் ஓடியது. அந்தப் பதிப்பை வாங்கியவர்கள் பிறகு பிஎஸ்5-க்கு இலவசமாகவே மாறிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. பிஎஸ்5-ல் மட்டும் ஓடியது டீமன்ஸ் சோல்ஸ். பார்க்கப் பிரமாதம், ஆனால் கஷ்டமான கேம். 'ஈசி' என்று ஒரு நிலையே கிடையாது. எட்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது ஒரே ஆளின் கேமாகிவிடும்.

உங்கள் வீட்டுக்கு அதுதான் அடுத்த வடிகட்டி. மிஞ்சியதில் இரண்டு பிள்ளைகளும் ஒரே டிவி முன்னால் சேர்ந்து விளையாட முடிவது எது? மாரியோ கார்ட் வேர்ல்டில் திரையைப் பிரித்து நாலு பேர் வரை ஓட்டலாம். ஸ்விட்ச் 2-ன் கன்ட்ரோலரை இரண்டாகக் கழற்றி ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம் என்பதால் தனிச் செலவும் இல்லை. பிஎஸ்5 பெட்டிக்குள் வருவது ஒரே ஒரு கன்ட்ரோலர். இரண்டாவதுக்குக் காசு எடுத்து வைக்காமல் மூன்று கேம் வாங்கினால் முதல் நாளே வீட்டில் சண்டை. வயது எண்ணையும் பாருங்கள். அட்டையில் 3, 7, 12, 16, 18 என்று போட்டிருக்கும். சைபர்பங்க் 18. பெரியவனுக்கே அது கூடாது.

'சீக்கிரம் வருகிறது' என்று போஸ்டரில் இருப்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 2020 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸோடு ஹேலோ இன்ஃபினிட் என்ற கேமும் வரும் என்று அறிவித்திருந்தார்கள். வந்தது 2021 டிசம்பர் 8.

அப்புறம் இடம். பிஎஸ்5-ன் முதல் மாடலில் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 667 ஜிபி சொச்சம். ஸ்விட்ச் 2-ல் 256 ஜிபி. வீட்டில் கிடக்கும் பழைய மெமரி கார்டு அதன் கேம்களுக்கு ஆகாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். கடையில் கார்டாக விற்கும் ஸ்விட்ச் 2 கேம்களிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சிலவற்றில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போல, கார்டுக்குள் கேமே இருக்காது. கார்டு வெறும் சாவி. கேமை நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும், விளையாடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். அட்டையின் முன்பக்கம் அடியில் இது அச்சிட்டிருக்கும். உங்கள் தெருவில் நெட் வேகம் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

என் யோசனை: ஒரே ஒரு கேம், அதுவும் இருவரும் விளையாடுவது. மற்றதை நாலைந்து மாதம் கழித்து வாங்குங்கள், பெரும்பாலானவை விலை இறங்கும். நின்டெண்டோவின் சொந்த கேம்கள் மட்டும் லேசில் இறங்காது. பட்டியலில் அப்படி ஒரு கேம்கூடத் தேறவில்லையா, கன்சோலே நாலைந்து மாதம் காத்திருக்கட்டும்.

கேள்வி: பாரீஸில் இருக்கும் சித்தப்பா, ஊருக்கு வரும்போது பிஎஸ்5 டிஸ்க்குகள் வாங்கி வருகிறேன் என்கிறார். இங்கே ஓடுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: ஓடும். பிஎஸ்5 கேம் டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. உங்கள் கன்சோலில் டிஸ்க் டிரைவ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலம் உண்டா என்று அட்டையின் பின்பக்கம் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பரிசு கார்டு மட்டும் வேண்டாம். அங்கே யூரோவில் வாங்கியது உங்கள் இந்திய பிளேஸ்டேஷன் கணக்கில் ஏறாது.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கடை, கன்சோல் தனியாகத் தர முடியாது, இரண்டு கேம் சேர்த்து 'காம்போ'வாகத்தான் எடுக்க வேண்டும் என்றது. பில்லும் பிறகு தருகிறேன் என்றார்கள். இது சரியா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சரியில்லை. ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்பதை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'கட்டுப்படுத்தும் வணிக முறை' என்று சொல்கிறது. பில் தராததும் அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை. நிறுவனமே காம்போவாகப் பெட்டி கட்டி விலை போட்டு விற்பது வேறு. கடைக்காரர் விற்காத இரண்டு கேமை உங்கள் தலையில் கட்டுவதுதான் பிரச்சினை. விளம்பரத் தாளையோ வாட்ஸ்அப் பதிலையோ பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

பாண்டியில் வரி கம்மி என்று போயிருந்தால், அது ஜிஎஸ்டிக்கு முந்தைய கதை. 2017-லிருந்து கன்சோலுக்கு இரண்டு பக்கமும் ஒரே வரிதான்.