சிங்கப்பூரில் புனித வெள்ளி எப்படி அனுசரிக்கப்படுகிறது? அன்று கடைகள் மூடியிருக்குமா?

அரசு விடுமுறைதான், ஆனால் கடைகளும் பேருந்தும் எம்ஆர்டி ரயிலும் வழக்கம்போல இயங்கும். ஈஸ்டர் திங்கள் விடுமுறை 1968-இல் நீக்கப்பட்டுவிட்டது.

தேவாலயத்துக்குள் போனால்தான் அந்த நாளின் கனம் தெரியும். கத்தோலிக்கர்களுக்கு அன்று திருப்பலி (பூசை) கிடையாது. பீடத்தில் விரிப்புகூட இருக்காது. இயேசு பட்ட பாடுகளின் வரலாறு வாசிப்பார்கள், பிறகு வரிசையில் போய்ச் சிலுவையை முத்தமிடுவார்கள். 18 முதல் 59 வயதுவரை ஒருசந்தி, ஒருவேளைதான் முழுச் சாப்பாடு.

தமிழில் வழிபாடு வேண்டுமென்றால் ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயம். 1888-இலிருந்து தமிழர்களின் ஆலயம். அப்புறம், விக்டோரியா தெரு புனித சூசையப்பர் ஆலயத்தின் இரவு மெழுகுவத்திப் பவனியையும் அவசியம் பாருங்கள். சிலுவையிலிருந்து இயேசுவின் திருவுருவத்தை இறக்கிச் சுமந்து வருவார்கள். போர்ச்சுகீசியர் வழிவந்த மரபு அது. கூட்டம் அதிகம், சீக்கிரமே போய்விடுங்கள்.