வீட்டு வரி ஏறியதற்குச் சங்கம்தான் காரணமா? சேலம் மாநகராட்சிக் கணக்கைச் சரிபார்க்கும் வழி

கேள்வி: அம்மாப்பேட்டையில் எனக்கு 1,100 சதுர அடியில் சொந்த வீடு இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் வீட்டு வரி ஒரேயடியாக உயர்ந்தது. அதன் பிறகும் ஏறிக்கொண்டே இருக்கிறது. தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாட்களில் தெருவில் குப்பை மலைபோல் குவிகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே ஊழியர் சங்கங்களின் சம்பளக் கோரிக்கைகளுக்குப் பணிந்தே பல நகரங்கள் திவாலாயின என்றும், சேலமும் அந்த வழியில்தான் போகிறது என்றும் சொல்கிறான். இது உண்மையா? என் வரிப்பணம் எங்கே போகிறது என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் மகன் சொல்லும் கதை அமெரிக்காவைப் பொறுத்தவரை ஆதாரமில்லாதது அன்று. கலிபோர்னியாவின் வலேஹோ நகரம் 2008 மே மாதத்தில் திவால் மனு கொடுத்தபோது, அதன் பொது நிதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காவல், தீயணைப்பு ஊழியர்களின் ஊதியத்துக்கும் சலுகைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. 2013 ஜூலையில் டெட்ராய்ட் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனோடு நீதிமன்றம் போனது. மக்கள்தொகையும் தொழிலும் கரைந்துபோனது பெரிய காரணம் என்றாலும், ஓய்வூதியப் பொறுப்பும் அதில் பெரும்பங்கு. அங்கே பல மாநிலங்களில் ஊழியர் சங்கம் நகர நிர்வாகத்தோடு நேருக்கு நேர் அமர்ந்து ஊதிய ஒப்பந்தம் போடுகிறது. அதே சங்கம் மேயர் தேர்தலில் பணமும் ஆட்களும் தருகிறது. அங்குள்ள விமர்சகர்களின் வாதம் இதில்தான் வேர்கொண்டிருக்கிறது. 1959இல் நாட்டிலேயே முதலாவதாக உள்ளாட்சி ஊழியர்களுக்கு இந்தப் பேச்சுவார்த்தை உரிமையைச் சட்டமாக்கிய விஸ்கான்சின் மாநிலமே, 2011இல் அதைப் பெருமளவு பறித்தது.

சேலத்தில் அந்தப் பேச்சுவார்த்தை மேசையே கிடையாது. நிரந்தர ஊழியரின் சம்பளத்தை நம் மாமன்றம் முடிவு செய்வதில்லை. ஊதிய விகிதம், அகவிலைப்படி, எத்தனை பணியிடங்கள் என்பது எல்லாம் மாநில அரசின் அரசாணைப்படிதான். 2017இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு ஊதியத்தைத் திருத்தியபோது, மாநகராட்சி ஊழியர்களின் ஊதியமும் அதை ஒட்டியே மாறியது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களை அரசு பழைய ஓய்வூதியத்திலிருந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றியதும் சென்னையில் எடுத்த முடிவே. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்புச் சொன்னதும் தமிழ்நாட்டு வழக்கில்தான். சேலத்தின் 60 வார்டு உறுப்பினர்களும் ஒரே குரலில் தீர்மானம் போட்டாலும், ஒரு நிரந்தர ஊழியரின் அடிப்படை ஊதியத்தை நூறு ரூபாய்கூட ஏற்றவோ இறக்கவோ முடியாது.

வரி ஏறியதற்கும் சம்பளத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தமிழக நகரங்களில் 2022 வரை பல ஆண்டுகளாகச் சொத்து வரி திருத்தப்படவில்லை. 2018இல் அறிவித்த உயர்வும் 2019இல் நிறுத்திவைக்கப்பட்டது. இதற்கிடையில் 15ஆவது மத்திய நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலையும் வளர்க்காத நகரங்களுக்கு மானியம் கிடையாது. அதைக் காட்டித்தான் 2022 ஏப்ரலில் அரசு உயர்வை அறிவித்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்கள் வீடு இரண்டாவது வரிசையில் வருகிறது. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டியிருந்தால் அது 3,000 ஆகியிருக்கும். அதன் பிறகு நீங்கள் பார்க்கும் ஏற்றம், 2023ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின் வழியே வந்த 6 விழுக்காடு உயர்வு. அரையாண்டு தொடங்கி முப்பது நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.

 

அப்படியானால் சங்கங்களுக்குச் செல்வாக்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு வழியில் ஓடுகிறது. தொ.மு.ச. திமுகவோடும், அண்ணா தொழிற்சங்கப் பேரவை அதிமுகவோடும், சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளோடும் இணைந்தவை. எந்தச் சங்கத்தின் சொல் எடுபடும் என்பது பெரும்பாலும் எந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இடமாற்றம், பணி ஒதுக்கீடு, மேஸ்திரி நியமனம் போன்றவற்றில் அந்தச் செல்வாக்கு தென்படும். ஆளும் கட்சிச் சங்கத்தில் இருப்பவருக்கு எளிய பணி, இல்லாதவருக்குக் கடினமான தெரு என்று எங்கே நடந்தாலும் அது அநியாயம். அதை மாமன்றத்தில் கேட்பது உறுப்பினர்களின் கடமை.

உங்கள் தெருவில் வேலை நிற்பதன் பின்னால் இருப்பதோ பெரும்பாலும் ஊதிய உயர்வுப் பேராசை இல்லை. 2022 அக்டோபரில் நகராட்சி நிர்வாகத் துறை வெளியிட்ட 152ஆம் எண் அரசாணை, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் தூய்மைப் பணி உள்ளிட்ட பல வேலைகளை வெளிமுகமை, அதாவது ஒப்பந்த நிறுவனங்கள், மூலம் செய்ய வழி திறந்தது. ஓய்வு பெறுவோரின் இடம் நிரந்தரமாக நிரம்புவதில்லை. அந்த வேலையை ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் செய்கிறார்கள். அவர்களின் கோரிக்கைகள் மிக எளியவை: மாதச் சம்பளம் தேதி தவறாமல் வர வேண்டும், பிடித்த வைப்பு நிதி (பி.எஃப்.) கணக்கில் சேர வேண்டும், மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி முழுதாகக் கைக்கு வர வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்ததும் இரண்டு மண்டலங்களைத் தனியாரிடம் விட்டதை எதிர்த்துத்தான். இந்த வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக இதிலேயே அமிழ்த்தப்பட்ட பட்டியல் சாதி மக்கள். அவர்களின் கூலியைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. அந்த முதன்மை வேலையளிப்பவர் மாநகராட்சி, அதாவது வரி கட்டும் நீங்களும் நானும். வேலைநிறுத்தத்துக்கு ஒப்பந்தப் பணியாளர்கள் 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த 14 நாளில் அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்று கேட்பதுதான் குப்பை குவிந்த தெருவில் இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இனி கணக்குக்கு வருவோம். மாநகராட்சி வரவு செலவுத் திட்டம் மூன்று நிதிகளாகப் பிரிந்திருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. மூன்றையும் கூட்டி ஒரே தொகையாகச் செய்தித்தாளில் வருவதைப் படித்தால் எதுவும் விளங்காது. 2016இல் சேலம் தேர்வான சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தின் பணம் மூலதனச் செலவுக்கானது. ஈரடுக்குப் பேருந்து நிலையம் கட்டிய பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது, சம்பளத்தைக் குறைத்தாலும் அந்தக் கட்டடம் வந்திருக்காது. நீங்கள் முதல் நிதியின் வருவாய்க் கணக்கை மட்டும் எடுங்கள். மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு என்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று வரிசை இருக்கும். உண்மைச் செலவை மட்டும் நம்புங்கள். மற்ற இரண்டும் விருப்பங்கள்.

அங்கே ஊழியர் சம்பளம் ஒரு தலைப்பில் இருக்கும். ஒப்பந்தத் தூய்மைப் பணிக்கான பணம் பெரும்பாலும் அந்தத் தலைப்பில் இருக்காது. இயக்குதல், பராமரிப்புச் செலவில் இருக்கும். சம்பளத் தலைப்பு சுருங்கியதைக் காட்டி, பணம் மிச்சமானது என்று யாராவது சொன்னால், பராமரிப்புத் தலைப்பு எவ்வளவு வீங்கியது என்று உடனே பாருங்கள். ஆள்கூலி ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறியிருக்கலாம். அந்த வழியில் ஒப்பந்ததாரரின் லாபமும் சேர்ந்திருக்கலாம்.

கசிவு இருந்தால் இங்கேதான் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன். கூலித் தொகை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டது. நாளுக்கு 600 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் ஒருவருக்கு 15,600. வைப்பு நிதிக்கு 15,000 வரையிலான ஊதியத்தில் வேலையளிப்பவர் பங்கு, நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 13 விழுக்காடு, அதாவது 1,950. தொழிலாளர் ஈட்டுறுதிக்கு (இ.எஸ்.ஐ.) 3.25 விழுக்காடு, 507. ஆக மாநகராட்சிக்கு ஒருவருக்கு ஆகும் செலவு 18,057 ரூபாய். பணியாளரின் கைக்கு, அவர் பங்கு 1,800ம் 117ம் போக, 13,683 வர வேண்டும். இப்போது பட்டியலில் 100 பேர் இருந்து தெருவில் 80 பேர்தான் வேலை செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 43 லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விடும்.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு நேர்வழி இருக்கிறது. வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், அது மாதாமாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டியது என்பது பொதுமக்கள் பார்வைக்கே கிடைக்கும். ஒரே நிறுவனம் பல ஊர்களில் ஒப்பந்தம் எடுத்திருந்தால் எண்ணிக்கை கலந்து வரும். அப்போது சேலத்துக்கான தனி ரசீதைக் கேட்க வேண்டும். அதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சேலம் மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் மண்டலத்தை மட்டும், ஒரு மாதத்தை மட்டும் கேளுங்கள்: ஒப்பந்த ஆணையின் நகல், ஆள் எண்ணிக்கை காட்டும் பட்டியலும் அதற்குக் கொடுத்த தொகையும், அந்த மாத வைப்பு நிதி, ஈட்டுறுதி ரசீதுகள். பணியாளர்களின் பெயரைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட விவரம் என்று சொல்லி மறுப்பார்கள், உங்களுக்கு அது தேவையும் இல்லை. நிலுவையில் உள்ள உள்ளாட்சி நிதித் தணிக்கைத் தடைகளின், அதாவது தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபங்களின், பட்டியலைத் தனி மனுவில் கேளுங்கள். ஒரே மனுவில் பத்துக் கேள்வி வைத்தால் ஒன்றுக்கும் உருப்படியான பதில் வராது.

மாநகராட்சிகளில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கே கவுன்சிலரிடம் இதே மூன்று தாள்களைக் கேட்டுப் பாருங்கள். மனுவுக்கு முன்பே கிடைத்தாலும் கிடைக்கும். உங்கள் வார்டில் வேலை செய்யும் பணியாளர்களிடமும் பேசுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு வந்தது என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். இந்த விஷயத்தில் சங்கமும் நீங்களும் ஒரே பக்கம். மனுவுக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் சரிப்படாவிட்டால் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு கடிதத்தையும் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, அனுப்பிய ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.