கோபத்துக்கு ஒரு கோப்பு

அன்பின் அக்காவுக்கு,

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஆசிரியராக இருக்கிறேன். அம்மா 27 வருசம் கொழுந்தெடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்று எட்டு மாதமாகிறது. சேவைக்காலப் பணம் இன்னும் வரவில்லை. கேட்டால் "அடுத்த மாதம்" என்கிறார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இன்னும் சிலருக்கும் இதே நிலை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள். இரவில் தூக்கமில்லை. வகுப்பில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். நண்பர் ஒருவர் கண்டியில் ஒரு தியான வகுப்புக்குக் கூட்டிப்போனார். "வெளியே தெரிகிற அநீதி உன் உள்ளே இருக்கிற கோபத்தின் நிழல்" என்றார் அங்கே பேசியவர். தொழிற்சங்கத் தோழரிடம் இதைச் சொன்னால், "மன அமைதியெல்லாம் வயிறு நிறைந்தவனுக்கு" என்று சிரிக்கிறார். நான் முதலில் என்னைச் சரிசெய்ய வேண்டுமா, நியாயத்துக்குப் போராட வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டு பேர் சொன்னதும் பிழை. அம்மாவுக்கு வர வேண்டிய பணம் யாருடைய கோபத்தின் நிழலும் இல்லை. அது கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய ஒரு தொகை. முதலில் அதைப் போடுவோம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் (பணிக்கொடை என்பதுதான் நீங்கள் சொல்லும் சேவைக்காலப் பணம்) 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குச் செல்லும். ஐந்து வருசம் முடித்தவர் மாதச் சம்பளக்காரராக இல்லாவிட்டால், முடித்த ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம் தர வேண்டும், அதுவும் கடைசியாக வாங்கிய வீதத்தில். அம்மாவின் கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்தால், 14 நாளுக்கு 18,900. 27 வருசத்துக்கு 510,300 ரூபா. வேலை நின்று 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் சேரும். அதனால் "அடுத்த மாதம்" என்பதைத் தயவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அது கடன். இந்தத் தொகையை அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? எவ்வளவு வர வேண்டும் என்றே தெரியாமல் எட்டு மாதம் காத்திருப்பதுதான் ஆளை அரிக்கும்.

இதில் எங்கே சிக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், இன்னொரு பெயர் இருக்கும்: முத்தம்மா, முத்தாயி, முத்தம்மாள் என்று. ஒரே ஆள்தான் என்று காட்ட, சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். அடுத்தது சேவை முறிவு. நடுவில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்வந்தவர்களுக்குப் பேர் வெட்டிப் புது நம்பரில் பதிந்திருப்பார்கள். அப்போது பழைய வருசங்கள் கணக்கிலிருந்து காணாமல் போகும். கைக்காசுக்கு (அன்றன்றே காசு வாங்கிக்கொண்டு) கொழுந்தெடுத்த நாட்களும் செக்ரோலில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதி தனிக் கணக்கு. தொழிலாளியிடம் 8 வீதம் வெட்டி, நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். சம்பளத்துண்டில் வெட்டியதாக இருந்து நிதியத்தின் கணக்குக் கூற்றில் இல்லாத மாதங்களைச் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். பணிக்கொடையையும் சேமலாபத்தையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைப்பாடு.

கடிதம் முதலில் தோட்ட முகாமையாளருக்கு, பதிவுத் தபாலில். பற்றுச்சீட்டைப் பிரதியோடு ஒட்டி வையுங்கள். அலுவலகத்தில் கையில் கொடுத்தால் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்காமல் வரக்கூடாது. அதற்கும் பதில் இல்லாவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம். பெயர், அடையாள அட்டை இலக்கம், செக்ரோல் நம்பர், வேலைக்குச் சேர்ந்த திகதி, நின்ற திகதி, கடைசிச் சம்பளம் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். வரலாறு எழுத வேண்டாம், அதை வாசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. முறைப்பாடு கிடப்பில் கிடந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "இந்தக் கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது" என்று கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடைசி வழி, தொழில் ஆணையாளரின் சான்றிதழோடு விசயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவது.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். பகுதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் கையொப்பம் கேட்பார்கள். பணம் வாங்குவதில் தவறில்லை. "இன்ன தொகை, பகுதியாக" என்று தமிழில் எழுதிவிட்டுக் கையொப்பம் வைக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் தூக்கம். இரவு இரண்டு மணிக்கு உங்கள் தலைக்குள் ஓடுவது தத்துவக் கேள்வியாக இருக்காது. பக்கத்துக் காம்பராவில் (லய அறையில்) இருக்கிற அம்மாவின் சம்பளத்துண்டைத் திருப்பிக் கொடுத்தேனா, யாருடைய விசாரணை எந்தத் திகதியில் என்பதாகத்தான் இருக்கும். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். என்ன நடந்தது, அடுத்து என்ன, எந்தத் திகதி, யார் செய்வது என்று நான்கு பத்தி. "அடுத்து என்ன" வெறுமையாக இருக்கிறவரின் முகம்தான் இரவில் வந்து நிற்கும். செய்ய ஒன்றுமில்லையென்றால் "10ஆம் திகதி வரை பொறுப்பது" என்றாவது எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவு.

எல்லாம் உங்கள் கையெழுத்தில் இருப்பதும் நல்லதல்ல. நீங்கள் மாற்றலாகிப் போனால் அத்தனையும் நின்றுவிடும். ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் உங்கள் தோட்டத்திலேயே இருப்பார்கள். ஒருவர் எழுத, ஒருவர் பிரதிகளைப் பாதுகாக்க, ஒருவர் அலுவலகத்துக்குப் போக என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோட்டத் தலைவரிடமும் (தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்) முதலிலேயே சொல்லிவிடுங்கள். தன்னைத் தாண்டிப் போனார்கள் என்று அவர் நினைத்தால் சண்டை நிர்வாகத்தோடு இருக்காது, லயத்துக்குள் வந்துவிடும். வாரத்தில் இரண்டு மாலை மட்டும் இந்த வேலைக்கு. மற்ற நாட்களில் வாசலில் வந்து நிற்பவரிடம், "வியாழன் வாங்க, உட்கார்ந்து பார்ப்போம்" என்று சொல்லலாம். அதனால் நியாயம் ஒன்றும் குறைந்துவிடாது.

தியானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டு, பத்து நிமிடம் செய்தால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். உடம்புக்கு அது செய்கிற வேலை அவ்வளவுதான், அதுவே போதும். மூச்சை நீட்டி நீட்டித் தலை சுற்றினால் விட்டுவிட்டு வழமைபோல மூச்சு விடுங்கள். மாலை நாலு மணிக்குப் பிறகு சாயத் தேத்தண்ணி வேண்டாம். கொழுந்து விளைகிற ஊரில் இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் தோட்டத்துத் தூளில் போடுகிற கடும் சாயம் நடுச்சாமம் வரை விடாது. உங்கள் தோழரிடமும் ஒன்று சொல்லுங்கள்: தூங்காதவன் திகதியைத் தவறவிடுவான், விசாரணையில் குரலை உயர்த்துவான், அது எதிர்த் தரப்புக்குத்தான் வசதி.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது கோபம் மட்டுமில்லை. அரச ஆதார வைத்தியசாலையில் மனநல கிளினிக் உண்டு, காசு கிடையாது. சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். லயத்தில் யாராவது அப்படிப் பேசினால், "குடித்துவிட்டு உளறுகிறான்" என்று விட்டுவிடாதீர்கள்.

நியாயமா மனமா என்று கேட்டீர்களே, அதற்கு இந்த நாட்டிலேயே ஒரு பதில் கிடக்கிறது. 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக அதிகமான நாடுகளில் இலங்கை ஒன்று. அதன் பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. முக்கிய காரணம், கொடிய நஞ்சான பூச்சிமருந்துகளையும் களைநாசினிகளையும் அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அந்த வருசங்களில் பெரும்பகுதி இங்கே யுத்தம் முடியாமலே இருந்தது. மனங்கள் திருந்தும்வரை காத்திருந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்! கடை அலுமாரியில் எது இருக்கலாம் என்று வர்த்தமானியில் போட்டதில் ஆட்கள் பிழைத்தார்கள். எனவே தியான வகுப்பில் பேசியவர் உள்ளே, வெளியே என்று இழுத்த கோடு எனக்கு நம்பிக்கை தரவில்லை.

கோப்பு போட முடியாத கோபமும் உண்டு. அலுவலகத்தில் அம்மாவின் வயதுப் பெண்ணை "நீ, வா" என்பது, "தோட்டக்காட்டான்" என்று முணுமுணுப்பது. அங்கே வாக்குவாதம் வேண்டாம். பெயரையும் பதவியையும் கேட்டு, அவர் பார்க்கவே கொப்பியில் எழுதுங்கள். பெரும்பாலும் குரல் மாறும். தமிழ்க் கடிதத்தை ஏற்க மறுத்தால் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைச் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போவதானால் ஒரு மாதத்துக்குள் போங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடவும் அந்த ஒரு மாதம்தான் கெடு.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாசியில் காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கிறவர் உங்கள் வீட்டு இஸ்தோப்போடு (வாசல் திண்ணையோடு) நிற்கிறாரா, உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கிறாரா? நீங்கள் முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிற மாலைகளில், 27 வருசம் மலையேறிய அம்மா யாருக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறார்? இந்த இரண்டுக்கும் எந்தத் திணைக்களத்திடமும் போக வேண்டியதில்லை. இன்று மாலையே மாற்றலாம்.

விசாரணைக்குத் திகதி கிடைத்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அசல் ஆவணங்கள் ஒரு உறையிலும் பிரதிகள் இன்னொன்றிலும் இருக்கட்டும். எத்தனை வருசம், எந்த மலை, எந்தக் கங்காணி என்பதை அவரே சொல்லட்டும், நீங்கள் குறுக்கே விழாதீர்கள். நிர்வாகத் தரப்பு வரவில்லையென்றால், வரவில்லை என்று பதியச் சொல்லி அடுத்த திகதியை எழுத்தில் வாங்குங்கள். விசாரிப்பவர் சிங்களத்தில் மட்டும் நடத்துவார் என்று தெரிந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். அன்று காலை போய்க் கேட்டால் ஆள் இருக்கமாட்டார்.

அன்புடன்,
அக்கா