மூன்று பக்க ரெசியூமேயில் இல்லாத கடைக் கணக்கு

அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்காக நீங்கள் அனுப்பிய மகளின் ரெசியூமேயைப் பார்த்தேன் அம்மா. மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பாதியைப் புகைப்படமும் பிறந்த தேதியும் ‘கடின உழைப்பாளி, தலைமைப்பண்பு மிக்கவர்’ என்ற வரியும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். எல்கேஜி மாறுவேடப் போட்டிப் பரிசையும்தான். ஒன்பதாம் வகுப்புக்கு முந்தைய கதையை அமெரிக்கக் கல்லூரிகள் கேட்பதில்லை.

நம்மூர் பொறியியல் கவுன்சலிங் என்றால் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டு முடித்துவிடுவார்கள், விளையாட்டு ஒதுக்கீடு மாதிரி சிலவற்றைத் தவிர்த்தால் சான்றிதழ் ஃபைலை யாரும் திறக்கப்போவதில்லை. அமெரிக்காவுக்குப் போடுவதால்தான் இந்தப் பாடு. அங்கேயும் இடம் தாராளமாகக் கிடைக்காது. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ என்ற ஆன்லைன் விண்ணப்பத்தில், படிப்புக்கு வெளியே செய்த செயல்பாடுகள் பத்து வரை போடலாம், ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியையும் சேர்த்து 150 எழுத்துதான், கூடவே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். விருதுகளுக்குத் தனியாக ஐந்து இடம். அமெரிக்காவின் எம்ஐடிக்கு (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தனி விண்ணப்பம், அதில் நான்கே நான்கு செயல்பாடுகள். அப்படியிருக்க, பணம் கட்டி இரண்டு நாள் ஜூம் வகுப்பில் வாங்கிய ‘இளம் தலைவர்’ சான்றிதழ்களை எங்கே வைப்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்கள்: சாயங்காலம் மளிகைக் கடையில் அவள்தான் உட்காருகிறாள், கடன் நோட்டை எக்ஸெல்லுக்கு மாற்றியதும் அவள்தான் என்று. மூன்று பக்கத்தில் எங்கே தேடியும் அது இல்லை! கேட்டதற்கு, ‘அது வீட்டு வேலைதானே சார்’ என்றீர்கள். காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்புகள் என்றே ஒரு வகை இருக்கிறது அம்மா. என்னைக் கேட்டால் அதுதான் முதல் வரியாக வர வேண்டும்.

ஆனால் ‘கடையில் உதவினேன்’ என்று எழுதினால் வீண். எத்தனை வாடிக்கையாளர்களின் கணக்கு, நோட்டில் என்ன குளறுபடி இருந்தது, மாற்றிய பிறகு பாக்கி வசூல் எப்படி ஆனது, இவைதான் வேண்டும். எண்களை அவளே எண்ணிப் பார்த்து எழுதட்டும், குத்துமதிப்பாக ஏற்றிவிடாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கடையில் இருந்தேன் என்று எழுதினால், இவள் பள்ளிக்கூடம் எப்போது போனாள் என்று படிப்பவர் யோசிக்க மாட்டாரா?

கோகோவில் மாவட்ட அளவில் ஆடியதை வைத்துக்கொள்ளலாம். படிப்பவருக்குக் கோகோ என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம், அதனால் நான்கு வார்த்தையில் விளக்கம், எத்தனை அணிகள் வந்தன என்ற கணக்கு, இரண்டும் சேர வேண்டும். என்சிசி ‘ஏ’ சான்றிதழுக்கும் இதே கதைதான், சுருக்கப் பெயரை விரித்து எழுதச் சொல்லுங்கள்.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்ததும் ஒரு என்ஜிஓ தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். விண்ணப்ப சீசனுக்கு முளைத்து, சீட் கிடைத்ததும் காணாமல் போகிற என்ஜிஓக்களை நானே நிறையப் பார்த்துவிட்டேன். அதற்குப் பதில், பக்கத்துக் கடைக்காரர் ஒருவருக்கும் இதே கணக்கைப் போட்டுக் கொடுக்கட்டும், அவருக்கு ஒத்துவராவிட்டால் ஏன் ஒத்துவரவில்லை என்று குறித்து வைக்கட்டும். முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்றுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசித் தேதி, பிளஸ் டூ பாடச்சுமைக்கு நடுவில் அது வந்து நிற்கும். அதனால் இந்தக் கோடை விடுமுறைதான் நேரம்.

இப்போதைக்கு ஒரே ஒரு பக்கம், அவள் கையாலேயே எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பட்டும். நீங்கள் திருத்த வேண்டாம், பிழை இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.