மாஸி சம்மட்டி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சம்மட்டி இயந்திரங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். என் தாத்தா டர்பனில் ஒரு பட்டறையின் உலைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்த இயந்திரத்தை அவர் ‘மாஸி’ என்றே சொல்வார். காலால் மிதித்தால் அடிக்கும் என்பார். அது நீராவியில் ஓடியதா, மின்சாரத்திலா? இவ்வளவு கனமான இயந்திரங்களைச் செய்யும் தொழிலில் குடும்ப நிறுவனங்கள் எப்படி நீடித்தன?

வாசகர், சாட்ஸ்வர்த்

அன்புள்ள நண்பருக்கு,

காலால் மிதித்தார் என்றால், அது பெரும்பாலும் காற்றுச் சம்மட்டியாகவே இருந்திருக்கும். நீராவிச் சம்மட்டிக்குக் கொதிகலன் வேண்டும். கைப்பிடியை இயக்க, பெரும்பாலும் கொல்லரைத் தவிர இன்னோர் ஆளும் நிற்க வேண்டும். பெஞ்சமின், ஸ்டீபன் என்ற மாஸி சகோதரர்கள் 1861இல் மான்செஸ்டரின் ஓப்பன்ஷா பகுதியில் தொழில் தொடங்கியபோது நீராவிச் சம்மட்டிகளையே செய்தார்கள். பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் நீராவிச் சம்மட்டிக்குக் காப்புரிமை பெற்று அப்போது இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. பின்னர் அந்நிறுவனம் செய்த காற்றுச் சம்மட்டியில், மோட்டாரால் இயங்கும் பம்பு உருளை காற்றை அழுத்தி, சம்மட்டித் தலையைத் தூக்கவும் இறக்கவும் செய்கிறது. காய்ச்சிய இரும்பை இடுக்கியால் பிடித்திருக்கும் கொல்லர், மிதிகட்டையை அழுத்தும் அளவுக்கேற்ப அடியை மெல்லவோ வலுவாகவோ தாமே விழச்செய்யலாம். ஒற்றை ஆளாக அதை ஆள்வது பெரிய கைத்திறன். தங்கள் தாத்தாவிடம் அது இருந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1922ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டம் வகுத்த கல்வித் தகுதிகள் இங்குள்ள நம் இந்தியர்களில் பெரும்பாலோரைப் பயிற்சிக்கே வரவிடாமல் தடுத்ததால், அத்தகைய திறன் பெற்ற பலருக்குக் கைவினைஞர் என்ற பெயரும் கூலியும் கிடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

குடும்பங்கள் நீடித்ததற்கு, இந்த இயந்திரத்தின் ஆயுளையே முதற்காரணமாக நான் கருதுகிறேன். சம்மட்டியின் அடியில் இருக்கும் பட்டடை, பொதுவாகச் சம்மட்டித் தலையைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் கனமானது. அதிர்ச்சியைத் தாங்க அதற்கென ஆழமான தனி அடித்தளம் கட்டி, பெரும்பாலும் கனமான மரக்கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் அமர்த்துவார்கள். அப்படி ஒருமுறை நிறுத்தினால் ஐம்பது, அறுபது ஆண்டுகள் பெயர்க்க மாட்டார்கள். ஆனால் தண்டும் வளையங்களும் அடிக்கும் முகங்களும் தேய்ந்துகொண்டேயிருக்கும். ஆகவே பேரன் காலத்தில் வரும் உதிரிப்பாகக் கோரிக்கைக்கு, தாத்தா காலத்து வரைபடம் கையில் இருக்க வேண்டும். விற்றதோடு பொறுப்பு தீராத தொழில் இது. அந்தப் பொறுமை, காலாண்டு லாபத்தைப் பார்க்கும் பங்குதாரர்களைவிடக் குடும்பங்களுக்கு எளிதாக வாய்த்தது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜெர்மனியிலும் இதே வழியைக் காணலாம். சீகனில் கார்ல் எபர்ஹார்ட் வைஸ் 1871இல் தொடங்கிய கொல்லுப்பட்டறை, இன்று எஸ்எம்எஸ் என்ற பெயரில், பெரும் உலோக இயந்திர நிறுவனமாக அக்குடும்பத்தின் உடைமையாகவே இருக்கிறது. எல்லோருக்கும் அது கூடவில்லை. கோப்பிங்கனில் 1839இல் தொடங்கிய, உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஷூலர் நிறுவனத்தில் தங்களுக்கிருந்த பங்கை, அதன் குடும்பத்தினர் ஆஸ்திரியாவின் ஆண்ட்ரிட்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்த விற்பனை 2013இல் நிறைவேறியது. அழுத்து இயந்திரங்கள் பெருகி, வாகனத் தொழிலின் ஏற்ற இறக்கத்தோடு கட்டுண்டபின், ஒரு குடும்பத்தின் முதலீடு மட்டும் போதாமற்போவது இயல்பே.

தாத்தா வேலை பார்த்த இயந்திரம் இன்னும் இருக்குமானால், அதன் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணையும் எடையளவையும் குறித்து அனுப்புங்கள். அவர் அதில் என்னென்ன அடித்தார் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.