ஹாஸ்டலுக்கு சிபியு தூக்கிட்டு போகலாமா? காலேஜ் சேர்றவங்க கேட்ட சில கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுலேர்ந்து எனக்கு ஒரே கேள்விதான் வேற வேற குரல்ல வருது, லேப்டாப்பா டெஸ்க்டாப்பான்னு. ரெண்டையும் வருஷக்கணக்கா கழட்டி மாட்டற ஆள் நான், எது ஃபாஸ்ட்னு கேக்காதீங்க, அடுத்த நாலு வருஷம் எங்க உக்காந்து படிக்கப் போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க, பாதி பதில் அதுலயே வந்துரும்.

கேள்வி: மெக்கானிக்கல் கிடைச்சிருக்கு, ஹாஸ்டல்தான். பட்ஜெட் 60 ஆயிரம். அதே காசுக்கு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணா ரொம்ப ஸ்பீடா இருக்கும்னு மாமா பையன் சொல்றான். கேக்கலாமா?

அவன் சொல்றது பொய் இல்ல தம்பி. அதே காசுக்கு டெஸ்க்டாப்ல நல்ல ப்ராசஸர், பெரிய மானிட்டர், ஃபேன் சத்தம் இல்லாத கூலிங் எல்லாம் கிடைக்கும். ஆனா அவன் ஹாஸ்டல்ல இருந்தானா? நான் இருந்தேன். அந்தக் காலத்து 15 இன்ச் குண்டு மானிட்டர், அதை ரெண்டு பெட்ஷீட்ல சுத்தி மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன், கண்டக்டர் அதுக்கு தனியா லக்கேஜ் டிக்கெட் கிழிச்சாரு. ரூம்ல மூணு பேரு, ப்ளக் பாயின்ட் ஒண்ணு, டேபிள்ல மானிட்டர வச்சா நோட்டு வைக்க இடம் இல்ல, சிபியு கட்டிலுக்கு அடியில தூசிக்குள்ள. ப்ராஜெக்ட் ரிவ்யூ வந்தப்போ ஸ்டாஃப் ரூம்ல ஓட்டிக் காட்டச் சொன்னாங்க, நான் பென்டிரைவோட நிக்கிறேன், அங்க இருக்குற கம்ப்யூட்டர்ல அந்த சாஃப்ட்வேரே இல்ல. ஹாஸ்டல்னா லேப்டாப்தான், இதுல பட்டிமன்றம் வேண்டாம்.

ஆனா இன்னொண்ணு சொல்றேன், கடைக்காரங்க சொல்ல மாட்டாங்க. காலேஜ் சேர்ற அன்னைக்கே வாங்கணும்னு அவசியமில்ல. முதல் வருஷத்துல புரோகிராமிங் பேப்பர் இருந்தாலும் அதுக்கு எந்த மெஷினும் போதும், லேப்லயும் கம்ப்யூட்டர் இருக்கும். முதல் வருஷ டிராயிங்குக்கும் ஷீட்டும் மினி டிராஃப்டரும் (கோடு போடுற கருவி)தான். ஒரு செமஸ்டர் போகட்டும், சீனியர்ஸ் எதுல வேலை செய்றாங்கன்னு பாத்துட்டு வாங்குங்க. மெக்கானிக்கல் பசங்க டிசைன் வரையுற சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு மட்டும்தான் வருது, அதனால அழகா இருக்குன்னு மேக்புக் பக்கம் போயிட வேண்டாம். ரேம் 16 ஜிபி வேணும், இப்ப 8தான் முடியும்னா காலி ஸ்லாட் இருக்கானு கேட்டு வாங்குங்க. என் சொந்தக்கார பொண்ணுக்கு வாங்கினப்போ "அப்புறம் ஏத்திக்கலாம் சார்"னு கடையில சத்தியம் பண்ணாத குறையா சொன்னாங்க, வீட்ல வந்து பின்பக்க மூடிய கழட்டிப் பாத்தா ஸ்லாட்டே இல்ல, ரேம் சிப்பு நாலும் போர்டோட ஒட்டி பத்தவச்சிருக்கு. நானே ஏமாந்த கதை இது, அதனால வாய்வார்த்தைய நம்பாம மாடல் நம்பரப் போட்டு கம்பெனி சைட்லயே பாத்துருங்க.

கேள்வி: என் பொண்ணு பி.காம் சிஏ (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்), வீட்லேர்ந்துதான் போய்ட்டு வருவா. பையன் பத்தாவது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு வாங்கணும்.

உங்களுக்கு டெஸ்க்டாப்தாங்க. டேலி, எக்ஸெல் ரெண்டுக்கும் பெரிய ஸ்க்ரீனும் நம்பர் பேட் இருக்குற முழு கீபோர்டும் எவ்ளோ சௌகரியம்னு பாப்பா ஒரு வாரத்துல சொல்லும். கழுத்து குனியாம நேரா பாத்து உக்காரலாம், ரெண்டு பிள்ளைங்க மாறி மாறி உக்காரும்போது கீழ விழுற பயமும் இல்ல. எது போனாலும் அது ஒண்ண மட்டும் மாத்திக்கலாம், கீபோர்டு போச்சுன்னா சில நூறு ரூபாயோட முடிஞ்சுது, லேப்டாப்ல கீபோர்டு போனா ஆயிரக்கணக்குல ஆகும், சில மாடல்ல மேல் மூடியோட சேத்தே மாத்தணும்.

ஒண்ணு மட்டும், யுபிஎஸ்ஸ கணக்குல சேத்துக்கோங்க, நெறைய பேர் அதை மறந்துட்டு அப்புறம் முழிக்கிறாங்க. 600 விஏ போதும், கரன்ட் போனா பத்து நிமிஷம் தாங்கும், அது சேவ் பண்ணி ஆஃப் பண்றதுக்குத்தான், படம் பாக்க இல்ல. அதோட பேட்டரிய ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்த வேண்டியிருக்கும். அடிக்கடி ரெண்டு மணி நேரம் கரன்ட் போற ஊரு, வீட்ல இன்வர்ட்டரும் இல்லன்னா நான் சொன்னதெல்லாம் அழிச்சிருங்க, லேப்டாப்பே வாங்குங்க.

கேள்வி: லேப்டாப்லயும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, டெஸ்க்டாப்லயும் ஆர்டிஎக்ஸ் 4060. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே ப்ரோ?

பேரு ஒண்ணு. டெஸ்க்டாப் கார்டு 115 வாட்ஸ்ல ஓடும், லேப்டாப்ல வர்றதுக்கு 35லேர்ந்து 115 வரைக்கும் எவ்ளோ குடுக்கணும்னு லேப்டாப் செய்ற கம்பெனிதான் முடிவு பண்ணும். ஒல்லியா அழகா இருக்குறதுல பெரும்பாலும் கம்மியா வச்சிருப்பாங்க, சூடு போக இடம் வேணும்ல. 4070ல இன்னும் மோசம், டெஸ்க்டாப்ல 12 ஜிபி மெமரி, லேப்டாப்ல 8தான். அதனால ஸ்டிக்கர பாக்காதீங்க, வாட்ஸ் எவ்ளோன்னு பாருங்க. ஏஐ படிக்கத்தான் கார்டு வேணும்னு வீட்ல சொல்லி வாங்கறதா இருந்தா, ஆரம்பப் பாடத்துக்கு கூகுள் கோலாப்னு ஒரு சைட் ஃப்ரீயாவே ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்பு) குடுக்குது, அப்பாகிட்ட இத நான் சொல்லல.

கேள்வி: அவ்ளோ காசு இல்ல அண்ணா. 20 ஆயிரத்துக்கு செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நெறைய இருக்குன்னாங்க.

தாராளமா வாங்கலாம். ஆபீஸ்கள்ல ஓடிட்டு வெளிய வர்ற லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் மாதிரி மெஷினெல்லாம் புதுசா வர்ற மலிவு லேப்டாப்ப விட கட்டுமஸ்தா இருக்கும். ஆனா விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11 முறையா ஏறணும்னா இன்டெல் ப்ராசஸர்ல பொதுவா 8வது ஜெனரேஷனாவது (தலைமுறை) வேணும். இங்கதான் ஏமாத்து நடக்கும். திங்க்பேட் டி470ம் டி480ம் பக்கத்துல பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், முன்னது 6, 7வது ஜென், பின்னதுல பெரும்பாலும் 8வது வருது, சிலதுல 7வதும் இருக்கும். ஐ5னு போட்டிருந்தா பத்தாது, அதுக்கப்புறம் 7200யு-னு இருந்தா ரெண்டு கோர் (ப்ராசஸருக்குள்ள வேலை செய்ற மூளை), 8250யு-னு இருந்தா நாலு கோர். விலையில சின்ன வித்தியாசம்தான் சொல்வாங்க, வேலையில பெரிய வித்தியாசம்.

கடையில நின்னுக்கிட்டே செய்ய வேண்டியது: ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) உள்ள போங்க, பாஸ்வேர்டு கேட்டா வச்சிட்டு வந்துருங்க, பழைய கம்பெனி பூட்டு அது. நோட்பேட் திறந்து ஒவ்வொரு கீயா தட்டுங்க. ஸ்க்ரீன பாதி மூடி திறந்து பாருங்க, ஹிஞ்ச் கிட்ட கிறீச்சுன்னா பிளாஸ்டிக் உள்ள விட்டுருக்கலாம். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்க, அதுல டிசைன் கெப்பாசிட்டியும் இப்ப ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் இருக்கும், பாதிக்குக் கீழ இருந்தா பேட்டரி காச விலையில கழிச்சுக் கேளுங்க. ஹார்டு டிஸ்க்கா இருந்தா அதுக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி மாத்திக்கோங்க. 2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல குடுத்த மெஷின்கூட எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏத்தி எங்கிட்ட இன்னும் ஒண்ணு ஓடுது, பில்லு அடிக்க அதான்.

கேள்வி: சார்ஜர்லயே போட்டு வச்சிருந்தா பேட்டரி போயிருமா?

உடனே போகாது, எப்பவும் ஃபுல்லாவே இருந்தா கொஞ்சம் சீக்கிரம் தேயும். 80 சதவீதத்துல நிறுத்துற ஆப்ஷன் நெறைய மாடல்ல இருக்கு, போட்டுக்கோங்க. சார்ஜர விட பெரிய எதிரி மெத்தை. ஹாஸ்டல் பசங்க கட்டில்ல வச்சு ஓட்டுவாங்க, அடியில காத்து உள்ள போற ஓட்டை மெத்தையில அடைச்சுக்கும், சூடு உள்ளயே நின்னு பேட்டரிய கெடுக்கும். போன மாசம் ஒரு தம்பி டச்பேடு க்ளிக் ஆகலன்னு எடுத்துட்டு வந்தான், திறந்தா பேட்டரி பூரி மாதிரி உப்பி டச்பேட கீழேர்ந்து மேல தள்ளிட்டு நிக்குது. அப்படி உப்பினா அமுக்காதீங்க, ஊசியெல்லாம் குத்தாதீங்க, ஆஃப் பண்ணி எடுத்துட்டு வந்துருங்க.

கேள்வி: லேப்டாப் வாங்கிட்டேன். இப்ப வீட்ல வச்சு படிக்கும்போது ஸ்க்ரீன் சின்னதா இருக்கு, டெஸ்க்டாப்பே வாங்கியிருக்கலாமோன்னு தோணுது.

தோணட்டும், விக்க வேண்டாம். ஒரு பழைய 22 இன்ச் மானிட்டர், ஒரு எச்டிஎம்ஐ கேபிள், ஒரு சாதா கீபோர்டு மவுஸ், வீட்ல அது டெஸ்க்டாப், காலேஜுக்கு லேப்டாப். லேப்டாப்ப உயர்த்தி வைக்க ஸ்டாண்டெல்லாம் வாங்காதீங்க, பிளஸ் டூ கைடு ரெண்டு சும்மாதானே கிடக்கு.