ஏழு வயதுக் காரை விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: ஐயா, மும்பை செம்பூரில் வசிக்கிறேன். வயது 41. கைக்கு வரும் சம்பளம் 85,000 ரூபாய். என் சிறிய பெட்ரோல் காருக்கு ஏழு வயது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் தானே நகருக்குப் போகும் வழியில் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நேரமாகிவிட்டதே என்று நிறுத்தாமல் ஓட்டினேன். ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. இன்ஜினில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், பில் 52,000 ரூபாய். கிரெடிட் கார்டில் கட்டிவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி வருகிறேன். வட்டி மாதம் 3.5 சதவீதம். 7 சதவீத வட்டியில் இருக்கும் 1.5 லட்சம் வைப்பு நிதியைத் தொட மனமில்லை. வண்டி பழுதாவதற்கு முன் சில வாரங்கள், கார் நிற்கும் இடத்தில் பச்சையாக ஈரம் தெரிந்தது. ஏசி தண்ணீர் என்று நினைத்தேன். இந்தக் காரை 2.1 லட்சத்துக்குக் கொடுத்துவிட்டு, 6 லட்சம் கடன் வாங்கிப் புதிய கார் எடுக்கலாமா?

பதில்: முதலில் கிரெடிட் கார்டு. 52,000 ரூபாய்க்கு மாதம் 1,800 ரூபாய்க்கு மேல் வட்டி போகிறது. அதே தொகை வைப்பு நிதியில் உங்களுக்குத் தருவது மாதம் சுமார் 300 ரூபாய். முன்கூட்டியே எடுப்பதற்கு வங்கி சிறிது வட்டியைக் குறைத்தாலும் பரவாயில்லை, இந்த வாரமே எடுத்துக் கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள். மீதி 98,000 ரூபாய் அவசரத்துக்கு அப்படியே இருக்கட்டும்.

காரை விற்காதீர்கள். 6 லட்சம் ரூபாயை 9.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 12,600 ரூபாய். வட்டி மட்டும் 1.56 லட்சம், அதாவது நீங்கள் கட்டிய இந்தப் பில்லைப் போல மூன்று. பெட்ரோல் காரின் முதல் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், உங்களுக்கு இன்னும் எட்டு ஆண்டு மீதி. 62,000 கிலோமீட்டர் ஒரு பெட்ரோல் இன்ஜினுக்குப் பெரிய ஓட்டமே அல்ல.

இந்தப் பில்லுக்குக் காரணம் காரின் வயது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பச்சை ஈரத்தைப் படித்ததும் எனக்கு மனம் வலித்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நிறம் கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டுக்குப் பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் உண்டு. விரலில் தொட்டால் சற்று வழுவழுப்பாக இருக்கும். எங்கோ ஒரு ரப்பர் குழாயோ அதன் பிடிப்போ விட்டிருக்கிறது. அன்றே மெக்கானிக்கிடம் காட்டியிருந்தால் பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். விளக்கு எரிந்த பிறகாவது ஓரம் கட்டி இன்ஜினை அணைத்திருந்தால், கேஸ்கெட் தப்பியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

ஆகவே, ஞாயிறு காலை வண்டியை எடுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். குனிந்து தரையைப் பாருங்கள், பிறகு பானெட்டைத் திறங்கள். கூலன்ட் தொட்டியின் வெளிப்புறத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். திரவம் அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது, கொதிக்கும் திரவம் முகத்தில் பீய்ச்சியடிக்கும். குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பவும் வேண்டாம். உள்ளே உப்புப் படியும். அடுத்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். அதிலும் இரண்டு குறிகள் உண்டு. உங்களுடையது கேஸ்கெட் மாற்றிய வண்டி என்பதால் ஆயிலின் நிறத்தையும் கவனியுங்கள். பால் கலந்த காபி போல் இருந்தால் கூலன்ட் உள்ளே கலக்கிறது என்று பொருள். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

பிரேக் ஆயில் குறைந்திருந்தால் நீங்களே ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம், அல்லது எங்காவது கசியலாம். பார்ப்பது மட்டும் உங்கள் வேலை, கை வைப்பது தெரிந்தவர் வேலை.

டயருக்கு எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் மேலே அச்சிட்டிருக்கும் எண் அதன் உச்ச வரம்பு. அதைப் பார்த்துக் காற்று அடைக்கக் கூடாது. டயரின் மேலுள்ள வரிப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்றியே ஆக வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. உங்களுடையவை காரோடு வந்த டயர்கள் என்றால், பள்ளம் மீதியிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். அவற்றை மாற்றும் செலவு பக்கத்தில் வந்துவிட்டது.

அதற்காக வங்கியில் மாதம் 2,500 ரூபாய் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்குங்கள். ஆண்டுக்கு 30,000 ரூபாய் சேரும். வழக்கமான சர்வீஸ், நான்கைந்து ஆண்டுக்கு ஒரு பேட்டரி, டயர் எல்லாம் இதிலிருந்து போகட்டும். சம்பளம் வரும் மறுநாளே வங்கி பிடித்துக்கொள்ளும்படி வையுங்கள். கையில் இருந்தால் செலவாகிவிடும்.

காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். தேய்மானம், இயந்திரக் கோளாறு இரண்டுக்கும் வழக்கமான பாலிசி பணம் தராது, ஆகவே கேஸ்கெட் செலவு உங்களுடையதுதான். நம் மும்பை மழைக்கு இன்னொன்று முக்கியம். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் ஹிந்த்மாதாவிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே போன தண்ணீர் அமுங்காது, இன்ஜினின் தண்டு வளைந்துவிடும். அந்தச் சேதத்துக்கு இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும். ஏழு வயது வண்டிக்கு எல்லா நிறுவனமும் தருவதில்லை. புதுப்பிக்கும் முன் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். சின்னக் கீறலுக்கெல்லாம் இழப்பீடு கேட்காதீர்கள். தொடர்ந்து ஐந்து ஆண்டு கேட்காமல் இருந்தால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் கழிவு உண்டு. ஒரு பம்பர் கீறலுக்காக அதை இழப்பது நஷ்டம்.

ஜூன் பிறக்கும் முன் வைப்பர் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான், கடையிலேயே மாட்டித் தருவார்கள்.